நாலு அங்குலம் உயர்ந்த ஜீப்

கடைத்தெருவில் அந்தத் தையற்காரருக்கு அரையங்குலம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது, அதை யார் தேடப் போகிறார்கள்? எந்தத் துணியைக் கொடுத்தாலும் மடிப்புக்குள் அரையங்குலம் கூடுதலாக விட்டுத்தான் வெட்டுவார். கேட்டால், மனுஷன் நாளைக்கே குண்டாகலாம், துணி சுருங்கலாம், யார் கண்டது என்பார். அப்படியொரு பயந்த பிறவி. கடையைப் பூட்டிவிட்டுப் பூட்டை ஏழு தரம் இழுத்துப் பார்ப்பார். பாதித் தெரு போன பிறகு திரும்பி வந்து எட்டாம் தரம் இழுப்பார். ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் அவர் மேல் ஒரு வண்டி உரசியது கிடையாது, ஒரு நாய் பாய்ந்தது கிடையாது. பயப்படுகிறவனுக்கு ஆயுசு கெட்டி என்று அவரே சொல்லிக்கொள்வார். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், அதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி இருக்கிறாளே, அவள் வேறு ரகம். கல்யாணத்துக்கு முன்பே பால் வண்டி ஓட்டினவள். கணவர் தைக்கிற சீருடைகளை மூட்டை கட்டி, மலை மேல் இருக்கும் தோட்டத்துக்குக் கொண்டுபோய்த் தொழிலாளர்களுக்கு அளவு பார்த்துக் கொடுப்பது அவள் பொறுப்பு. பஸ் பாதி மலை வரைக்கும்தான் போகும். அப்புறம் தலைச்சுமை. ஒருநாள் அவளுடைய அண்ணன் வீட்டுக் கொல்லையில் ஒரு பழைய ஜீப்பைப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷமாக அதில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. இழுத்துக்கொண்டு போனால் எனக்கு இடம் மிச்சம் என்றார் அண்ணன். இவளும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

நம்மவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வண்டியைப் பார்த்து மட்டுமில்லை, அதைப் பட்டறையில் விடுவதை நினைத்தும்தான். பட்டறைக்காரன் வேலை மும்முரத்தில் ஒரு போல்ட்டை முடுக்காமல் விட்டுவிட்டால்? அதில் உட்கார்ந்து போகப்போவது இவர் பெண்டாட்டி அல்லவா? ஆகவே, ஊசி பிடித்த கையால் ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொண்டார். ஒரு பழைய கையேட்டை வாங்கி வரிவரியாகப் படித்தார். துருவைச் சுரண்டினார், எண்ணெய் ஒழுகிய இடத்தையெல்லாம் அடைத்தார், மேல்கூரையைத் தம் மெஷினிலேயே கித்தானில் தைத்தார். முடுக்கிய ஒவ்வொரு போல்ட்டிலும் தையல் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டார். வண்டி ஓடத் தொடங்கி நாலு வருஷம் ஆயிற்று. ஓட்டுவது மட்டும் அவள்தான். இவர் தெருமுனையைத் தாண்டி அதை ஓட்டியதே இல்லை.

அவள் ஒருநாளும் அவர் வேலையைச் சோதித்துப் பார்த்ததில்லை. சாவியை எடுப்பாள், கிளம்புவாள்.

போன மழைக்கு மலைப்பாதை அரித்துவிட்டது. குறுக்கே ஓடை அறுத்த பள்ளங்கள். ஜீப்பின் வயிறு பாறையில் இடிக்கிறது, கொஞ்சம் உயரமாக்க முடியுமா என்று கேட்டாள். கேட்டது அவள் அல்லவா? நீளமான ஸ்பிரிங் பட்டை நாலும், பெரிய டயர் நாலும் வாங்கி வந்து, ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியை நாலு அங்குலம் உயர்த்தினார்.

அதை எப்படிச் செய்தார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தூக்கி நிறுத்திய வண்டிக்கு அடியில் படுப்பதென்றால் அவருக்கு ஈரக்குலை நடுங்கும். ஜாக்கி சறுக்கினால் ஆள் அப்பளம் என்று எங்கேயோ படித்திருந்தார். அதனால் வீட்டுக்குப் பின்னால் நெஞ்சளவு குழி ஒன்று வெட்டி, ஜீப்பை அதன் மேல் நிறுத்தி, கீழே நின்றபடிதான் வேலை செய்வார். உடம்புப் பகுதியை மட்டும் விரல் விரலாக உயர்த்தி மரக்கட்டைகளை அடுக்கினார். நாலு சக்கரமும் தரையிலேயே ஊன்றி நின்றன. டயர் மாற்றுகிற நேரத்தில் மட்டும் அச்சைக் கட்டைகள் தாங்கின. ஒரு சக்கரம்கூட ஒரு நாள்கூட அந்தரத்தில் தொங்கவில்லை. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் டேப்பை வைத்து அளந்தார். மேலிருந்து பின் அச்சுக்குப் பிரேக் எண்ணெயைக் கொண்டு இறங்குகிற ரப்பர் குழாய் முன்னைவிட இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் இரண்டு விரல் தளர்ச்சி மிச்சம் இருந்தது. சரி என்று விட்டுவிட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். உயர்த்திய பிறகு மலைக்குப் போவது அதுதான் முதல் தடவை.

பதினொரு மணிக்கு வங்கிக் காவலாளி கடைக்கு வந்தார். நல்ல ஆகிருதி. தம் பேண்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, குண்டூசி குத்திய புதுப் பேண்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். கச்சிதம். அப்புறம் ஷூ மாட்ட ஸ்டூலில் உட்கார்ந்தார். தொடையில் துணி விறைத்து, தையல் பல்லிளித்தது.

“நின்னா நல்லாத்தான் இருக்கு மாஸ்டர். உக்காந்தாதான் பிடிக்குது” என்றார் காவலாளி.

இது ஒன்றும் புதுசில்லை. நிற்கும்போது அளவெடு, உட்காருவதற்கு வெட்டு என்பது தொழிலில் பாலபாடம். தொடைப் பக்கம் பிரித்துத் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தவருக்கு ஜீப் நினைவுக்கு வந்தது. அந்த ரப்பர் குழாயை அவர் எப்போது அளந்தார்? வண்டி நிற்கும்போது. நாலு சக்கரமும் தரையில் இருக்கும்போது. பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் அச்சும் கூடவே இறங்குமே. புது ஸ்பிரிங் பட்டையோ நீளம், அரை முழத்துக்கு இறங்கவிடும். இரண்டு விரல் தளர்ச்சி எந்த மூலைக்கு? பழைய ஜீப், நாலு சக்கரத்துப் பிரேக்குக்கும் ஒரே எண்ணெய். ஒரு குழாய் விட்டால் நாலு பிரேக்கும் போயிற்று.

கத்தரிக்கோலை மேஜையில் போட்டார். போனை எடுத்து அவளைக் கூப்பிட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது ஒரு குரல், ரொம்ப மரியாதையாக. மலையில் டவர் கிடையாது என்று தெரிந்தும் மூன்று தரம் கூப்பிட்டார். மூன்று தரமும் அதே மரியாதை. காவலாளி என்ன ஏது என்று கேட்பதற்குள் தம் மொபெட்டைக் கிளப்பினார். கடையைப் பூட்டவில்லை. ஏழு தரம் பூட்டை இழுக்கிற மனுஷன், கதவை மூடக்கூட இல்லை. குண்டூசி குத்திய பேண்டோடு காவலாளிதான் கடைக்குக் காவல் இருந்தார்.

மார்க்கெட் கூட்டத்தில் மொபெட்டில் போகப் பயந்து எப்போதும் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறவர், அன்றைக்கு அதன் நடுவே புகுந்து போனார். யாரோ திட்டினார்கள். அவர் காதில் விழுந்தது வேறு. பள்ளத்தில் சக்கரம் இறங்குகிற சத்தமும், குழாய் இழுபடுகிற சத்தமும் அவருக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தன. ஏறும்போது தெரியாது, பிரேக்குக்கு அங்கே வேலை இல்லை. இறங்கும்போதுதான். பதினோரு வளைவு. மலைப்பக்கம் மண்சுவர், மறுபக்கம் ஒன்றுமே இல்லை. இந்நேரம் இறங்க ஆரம்பித்திருப்பாளா? கும்பிடத் தெரிந்த தெய்வத்தையெல்லாம் கும்பிட்டார். ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தாக்குப் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது, பார்க்கத் துணியவில்லை. பார்த்து, அங்கே கித்தான் கூரை தெரிந்துவிட்டால்? அது அவர் தைத்த கூரை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவரைக் கேலி செய்வார்கள். இத்தனை வருஷம் இடிமின்னலுக்கும் நாய்க்கும் லாரிக்கும் பயந்தவர், தம் கைக்கு மட்டும் பயப்படாமல் இருந்துவிட்டார். இன்னும் சொன்னால், பயந்ததால் வந்த வினைதான் இது. ஒரே ஒரு தடவை ஜாக்கியை வைத்துச் சக்கரத்தைத் தொங்கவிட்டிருந்தால் குழாய் விறைப்பது கண்ணில் பட்டிருக்கும்.

ஐந்தாவது வளைவில் ஜீப்பின் சத்தம் கேட்டது, மேலேயிருந்து. மொபெட்டைக் கீழே போட்டுவிட்டு நடு ரோட்டுக்கு ஓடிக் கைகளை விரித்து நின்றார். நின்ற மறு விநாடிதான் அது உறைத்தது. பிரேக் இல்லாவிட்டால் அவள் என்ன செய்வாள்? புருஷன் மேல் வண்டியை ஏற்ற மாட்டாள். ஒடிப்பாள். எந்தப் பக்கம் ஒடிப்பாள்?

விழுந்தடித்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கி, சட்டையைக் கழற்றிக் கையில் பிடித்து ஆட்டினார். ஜீப் வளைவில் திரும்பி வந்தது. முதல் கியரில் முனகிக்கொண்டு, நடக்கிற வேகத்தில். அவரைப் பார்த்ததும் கைப்பிரேக்கை இழுத்து, வண்டியை மண்சுவரில் உரசவிட்டு நிறுத்தினாள்.

அவர் ஓடி வந்தார். சக்கரங்களுக்கு முன்னால் கல்லைத் தூக்கிப் போட்டார், ஒன்று, இரண்டு, நாலு, ஆறு. அவள் இறங்கி வந்து, சட்டையில்லாமல் நிற்கிறவரை மேலும் கீழும் பார்த்தாள். அவள் நெற்றியெல்லாம் வியர்வை.

“ஏங்க, மேல பள்ளத்தைத் தாண்டினதிலிருந்து பிரேக்கை மிதிச்சா கீழ கீழ போகுது. என் கால்லதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன். வயசாகுதுல்ல. மூணு பொம்பளைங்க கூட வர்றோம்னாங்க, கால் சரியில்லம்மான்னு சொல்லி விட்டுட்டு வந்துட்டேன்.”

அவர் ஜீப்புக்கு அடியில் ஊர்ந்தார். குழாயின் கழுத்தில் ரப்பர் வெடித்து, உள்ளே பின்னியிருந்த நூல் தெரிந்தது. நூலைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாதி இழை அறுந்திருந்தது. மீதி இழைகளின் வழியே எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. ஆறு வளைவுகளை அவள் இதை நம்பித்தான் இறங்கி வந்திருக்கிறாள்.

வெளியே வந்து ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். போன உயிர் திரும்பி வந்ததென்னவோ உண்மை, வந்த உயிர் நிலைகொள்ளவில்லை.

“உன் கால்ல ஒண்ணும் இல்லம்மா. நான் மாட்டினதுலதான் கோளாறு. குழாய் நீளம் பத்தல. நான் சரியா பாக்கல” என்றார்.

அவள் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் முகத்தில் மெல்ல மெல்ல ஏறியது அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றுதான், கண்ணாடியில் தினம் பார்க்கிறதுதான். அவள் முகத்தில் அதை அவர் பார்த்ததே இல்லை.

ஜீப்பை அங்கேயே விட்டுவிட்டுக் கீழே போய், இழுத்து வர ஆள் அனுப்புவதென்று ஆயிற்று. அவர் மொபெட்டை நிமிர்த்திக் கிளப்பி, அவள் ஏறுவதற்காகக் காத்திருந்தார். அவள் பக்கத்தில் வந்து, சீட்டில் கை வைத்தாள். ஏறவில்லை.

“இதோட பிரேக்கும் நீங்க மாத்தினதுதானே?” என்று கேட்டாள்.

குத்திக்காட்டக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

“ஆமா” என்றார்.

“நடந்தே போயிடலாங்க.”

அவர் எஞ்சினை அணைத்துவிட்டு மொபெட்டைத் தள்ளிக்கொண்டு நடந்தார். அவள் மண்சுவர் ஓரமாக, இரண்டடி தள்ளி வந்தாள்.