கடல் அட்டையின் எலும்புகள்

ஜாடியின் மூடியைத் திறந்ததும் கண் எரிந்தது. ஸ்பிரிட் அப்படி எரிக்காது, மூக்கில்தான் ஏறும். கண்ணைக் கரிப்பது பார்மலின். ஆனால் நான் என் கடல் அட்டையை வைத்துவிட்டுப் போனது ஸ்பிரிட்டில்.

அறுபதுகளின் பிற்பகுதி அது. தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளராக இருந்தேன். கோவளத்திலிருந்து அடையாறு முகத்துவாரம் வரை கரையோரம் வாழும் முதுகெலும்பில்லாத உயிர்களை இனம் பிரித்துப் பட்டியல் போடும் வேலையில் துறைத்தலைவரும் நானும் இறங்கியிருந்தோம். சார் தவளைக்காரர். ஆயுள் முழுக்கத் தவளையைப் படித்தவர். கடல் விஷயத்தில் என்னை நம்பித்தான் காலை விட்டிருந்தார். நண்டும் சிப்பியுமாக வாளியில் சுமந்துகொண்டு நான் பஸ் ஏறினால் பக்கத்து இருக்கையில் யாரும் உட்கார மாட்டார்கள். சிட்லபாக்கம் வீட்டில் என் மாமியார், குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று சட்டமே போட்டிருந்தார்.

கோவளத்துப் பாறை இடுக்கில் ஒருநாள் விரல் நீளத்தில் ஒரு கடல் அட்டை கிடைத்தது. செம்பழுப்பு உடம்பு, வெள்ளைப் புள்ளிகள். எங்களிடம் இருந்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. இந்தக் கரைக்கே புதியது என்று என் மனம் அடித்துச் சொன்னது. ஆனால் கடல் அட்டைக்கு மேலோட்டமாகப் பார்த்துப் பெயர் சொல்லிவிட முடியாது. அதன் தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்பு எலும்புகள் இருக்கும், சட்டைப் பொத்தான் மாதிரி. அவற்றின் வடிவத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, படத்தோடு ஒப்பிட வேண்டும். படம் உள்ள புத்தகத்தைக் கேட்டுக் கல்கத்தாவுக்கு எழுதிவிட்டு, அட்டையை ஸ்பிரிட்டில் பத்திரமாக வைத்துவிட்டு, பிரசவத்துக்குப் போனேன்.

திரும்பி வந்த அன்று கேட்டில் எங்கள் ஆய்வுக்கூட அட்டெண்டர் அண்ணன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஊரப்பாக்கத்திலிருந்து தினமும் ரயிலில் வருகிறவர். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"கொயந்த நல்லா கீதாம்மா?"

"நல்லா இருக்கு அண்ணா. நீங்க ஏன் இங்க?"

"கேட்டாண்ட போட்டுட்டாங்க. இன்னாத்துக்குன்னு யாரும் சொல்லலம்மா."

சிரித்தபடிதான் சொன்னார். ஆள் பற்றாக்குறை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். மேசைமேல் கல்கத்தா புத்தகம் வந்து காத்திருந்தது. குழந்தை பிறந்ததற்கு அடுத்தபடியாக அன்றைக்குத்தான் அவ்வளவு சந்தோஷப்பட்டேன். ஜாடியைத் திறந்தது அதற்குப் பிறகு.

பார்மலின், நாள்பட்டால் சுண்ணாம்பைக் கரைத்துவிடும். அட்டையின் தோலில் ஒரு துளி வெட்டி, கண்ணாடித் துண்டில் வைத்து, பிளீச்சிங் கரைசல் ஒரு சொட்டு விட்டேன். தோல் கரைந்து எலும்புகள் மட்டும் மிஞ்ச வேண்டும். தோல் கரைந்தது. மைக்ராஸ்கோப்பில் ஒன்றுமே இல்லை. வாலருகே வெட்டினேன், வாயருகே வெட்டினேன். ஈரக் கண்ணாடிதான் தெரிந்தது. அழுகைகூட வரவில்லை.

சார் வந்ததும் ஜாடியைக் காட்டி, "யார் சார் மாத்தினது?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

"நான்தாம்மா," என்றார் அவர் சாதாரணமாக. "ஸ்பிரிட் கொறஞ்சிக்கிட்டே வந்துது. அந்த ஆள் குடிக்கிறான்னு புரிஞ்சுபோச்சு. போலீஸ், என்கொயரின்னு போனா அவன் குடும்பம் என்ன ஆகும்? அதான் நைசா கேட்டுக்கு மாத்திட்டு, எல்லாத்தையும் பார்மலின்ல போட்டுட்டேன். தவளை எல்லாம் வருஷக்கணக்கா அதுலதானே இருக்கு?"

அப்போது மதுவிலக்குக் காலம். ஸ்பிரிட் வாங்கப் பர்மிட் வேண்டும், குறைந்தால் பதில் சொல்ல வேண்டும். அதனால் ஒவ்வொரு ஜாடியிலும் காகிதத் துண்டு ஒட்டி, திரவ மட்டத்துக்குப் பென்சில் கோடு போட்டுவைப்பது சாரின் வழக்கம். பார்மலின் மாற்றிய அன்றும் மறக்காமல் புதுக் கோடு போட்டிருந்தார்.

அவரைத் திட்ட வாயெடுத்தவள், அந்தக் கோட்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். பார்மலின் கோட்டுக்குக் கீழே இருந்தது. பக்கத்து ஜாடியிலும் கீழே. அலமாரி முழுக்க அப்படித்தான். திரவம் ஆவியாகாமலிருக்க மூடிகளில் தடவிய வாசலைன் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது.

"சார், பார்மலினை யார் குடிச்சாங்க?"

அவர் முதலில் என்னைப் பார்த்தார். பிறகு ஜாடிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே அலமாரியின் கடைசி வரை போனார். செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளாமல் படியிறங்கினார்.

என் கடல் அட்டை பட்டியலில் பெயரில்லாமல்தான் அச்சேறியது. அதே பாறையில் எத்தனையோ முறை தேடியும் இன்னொன்று அகப்படவில்லை. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை. ஆனால் அன்று நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது வேறு. சார் வருவதைக் கண்டதும் அண்ணன் பதறி எழுந்து சல்யூட் வைத்தார். சார் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். பிடித்ததை விடவே இல்லை.