மாயோன் நெய்

மாமா ஆரப்பாளையத்தில் கிரில் சிக்கன் கடை போட்ட நாளிலிருந்து தாத்தா அவரிடம் பேசுவதில்லை. தாத்தா ஓய்வுபெற்ற தமிழாசிரியர்; முட்டைகூடத் தொடாதவர். பெற்ற மகன் நடுத்தெருவில் கோழியைக் கம்பியில் சுழலவிடுவதை அவரால் ஏற்க முடியவில்லை. அந்தக் கோடை விடுமுறைக்கு நானும் அம்மாவும் போயிருந்தபோது ஒரே வீட்டிலிருந்த அந்த இருவருக்கும் நான்தான் தபால்காரன். "மோட்டாரப் போடச் சொல்லு அவன்ட்ட" என்பார் தாத்தா. மாமா இரண்டடி தள்ளித்தான் நின்றிருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா கடைக்குக் கிளம்பாமல் வீட்டு மிக்சியில் பால், எண்ணெய், பூண்டு, எலுமிச்சைச் சாறு எல்லாம் விட்டு அடித்தார். வெள்ளையாகத் திரண்டது. கடையில் முட்டை சேர்ப்பார், அன்று சேர்க்கவில்லை. கிண்ணத்தில் வழித்து, தாத்தாவின் சப்பாத்தித் தட்டருகே என்னை வைக்கச் சொன்னார்.

"என்னடா இது?"

"மயோனைஸ், தாத்தா."

"அப்படின்னா?"

நான் திரும்பிப் பார்த்தேன். அடுக்களை வாசலிலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"மாயோன் நெய்னு சொல்லு மாப்ள. கண்ணன் தின்ன வெண்ணெய். வெள்ளைக்காரன் வாயில மயோனைஸ் ஆயிருச்சு. முட்டை இல்லன்னும் சொல்லு."

அம்மா சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெயர்ப் பலகையில் ஒற்றுப்பிழை கண்டால் கடைக்காரரை வெளியே அழைத்துத் திருத்துபவர் தாத்தா. மாமா தொலைந்தார் என்று நினைத்தேன்.

தாத்தா கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு என் தலைக்கு மேலாக மாமாவைப் பார்த்தார்.

"மாயோன் மயோன்னு குறுகும், சரி. நெய் திரிஞ்சதையும் விடு. அந்த 'ஸ்' எங்கிருந்துடா வந்துச்சு?"

"அது... வர்ற வழியில ஒட்டிக்கிச்சுப்பா."

தாத்தா 'ம்' என்றார். சப்பாத்தியைக் கிள்ளித் தொட்டுக்கொண்டார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. அம்மாவின் போனில் தேடினேன். ஸ்பெயின் பக்கத்துத் தீவொன்றில் மாவோன் என்று ஒரு துறைமுகம். அந்த ஊர்ப் பெயரிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயராக இருக்கலாம், உறுதியில்லை என்று போட்டிருந்தது. தாத்தாவின் காதருகே போய்ச் சொன்னேன்.

"மாமா புளுகுறாரு தாத்தா. கண்ணனும் இல்ல, நெய்யும் இல்ல."

"தெரியும்டா."

"பெறகு ஏன் திருத்தல?"

தாத்தா கடைசித் துண்டால் கிண்ணத்தைத் துடைத்துத் தின்றார். அடுக்களைப் பக்கம் திரும்பினார்.

"இன்னுங் கொஞ்சம் இருக்காடா?"

செய்தியைக் கொண்டுபோக நான் எழுவதற்குள் மாமா மிக்சி ஜாரோடு வந்து நின்றார்.

தாத்தாவுக்கு மயோனைஸ் ரொம்பப் பிடித்துவிட்டது என்றுதான் அன்று நினைத்தேன்.