கிதாரில் செருகிய இரும்புத் துண்டு

வாசகசாலை நண்பர்களே, இன்று சாயங்காலம் என் வீட்டில் நடந்ததை இந்தப் பலகையில் ஒட்டுகிறேன்.

யுத்தம் முடிந்ததும் கொழும்பிலிருந்து ஒரு சின்ன இரும்புத் துண்டு வரவழைத்திருந்தேன். கிதாரின் கழுத்தில் கம்பிகளுக்கு அடியில் அதைச் செருகினால் கம்பிகள் உயர்ந்து நிற்கும். பிறகு சுருதியை மாற்றி, எஃகு உருளையைக் கம்பிமேல் வழுக்கினால் ஹவாய் கிதாரைப் போல நாதம் இழுத்துக்கொண்டே போகும்.

இன்று முதல்முதலாக அதைச் செருகிப் பத்து நிமிஷம் வாசித்திருப்பேன். எதிர்வீட்டு ரோசம்மாள் மாவு ஒட்டிய கையோடு ஓடி வந்தாள். அவள் புருஷன் போன தோணி இன்னும் திரும்பவில்லை. நானோ துறைமுக ஆபீஸ் குமாஸ்தா.

“அண்ணாச்சி, தோணிக்கு என்ன ஆச்சு? எதுனாலும் சொல்லிருங்க.”

“சேதி ஒண்ணும் வரலம்மா. நான்தான் கிதார் வாசிச்சேன்.”

“சேதி மொதல்ல உங்களுக்குத்தான வரும். யாரோ வந்து கேட்டுட்டு ஒப்பாரி வைக்காவன்னுல்லா நெனச்சேன்.”

தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். போகும்போது, “தோணி வந்து சேருத வரைக்கும் இதை வாசிக்காதீங்க” என்றாள்.

துண்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

இந்தத் தெருவுக்குக் குடிவந்து ஏழு மாதம். தினமும் வாசிக்கிறேன். அந்த நாற்காலியில் இன்றைக்குத்தான் ஒரு ஆள் உட்கார்ந்தது.

தோணி சீக்கிரம் வரட்டும் என்று நானும் வேண்டிக்கொள்கிறேன். வந்துவிட்டால், நான் எதை வாசித்தாலும் யாரும் ஓடி வரப்போவதில்லை.

நான் எதை வாசித்தால் நீங்கள் வருவீர்கள்? பலகையில் பென்சில் கட்டியிருக்கிறேன்.