பின் இருக்கையின் பிடி

நம்பினால் நம்புங்கள், இதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. இதைச் சொன்ன நாளிலிருந்து என் அம்மாவே என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள். பிறகு எதற்குக் கதை கட்டப்போகிறேன்?

விமானப் பயிற்சிப் பள்ளியில் பெண்கள் இரண்டே பேர், நானும் நெட்டச்சியும். ஆள் உயரம் என்பதால் எல்லோருக்கும் அவள் நெட்டச்சிதான். எங்களுக்கு ஒரே அறை. விமானம் சின்னது. முன்னால் மாணவர், முதுகுக்குப் பின்னால் பயிற்சியாளர், இருவர் கையிலும் விமானத்தை ஓட்டும் ஸ்டிக், ஆளுக்கு ஒன்று. ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும். ஓட்டும் பொறுப்பைக் கொடுப்பவர் "உங்ககிட்ட" என்று சொல்ல வேண்டும், வாங்குபவர் "என்கிட்ட" என்று சொல்ல வேண்டும். அதுதான் முதல் பாடம்.

நெட்டச்சி அதில்தான் போனாள். தரையிறங்கும்போது பயத்தில் ஸ்டிக்கை இறுக்கிப் பிடித்துவிட்டாள். "என்கிட்ட, என்கிட்ட" என்று பயிற்சியாளர் கத்தியது கன்ட்ரோல் டவர் வரை கேட்டதாம். அவள் விடவே இல்லை. விமானம் தரையில் மோதி இருவரும் போய்விட்டார்கள். அதன்பின் அந்த அறையில் நான் மட்டும். ஏதாவது பேச வாய் வரைக்கும் வரும். எதிர்க் கட்டிலைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொள்வேன்.

இரண்டு மாதம் கழித்து என் முதல் தனிப் பறப்பு. மெக்கானிக் அண்ணன் பின் இருக்கை பெல்ட்டை இழுத்துக் கட்டிவிட்டு இறங்கினார். புதுப் பயிற்சியாளர் கீழே நின்று சொன்னார். "ஒரே ரவுண்டு. நீ மட்டும்னா வண்டி லேசா இருக்கும். சட்டுனு எழும்பிடும்."

எழும்பவில்லை. பாதி ஓடுபாதைக்கு மேல் ஓடி, இரண்டு பேர் இருப்பது போலத்தான் மெல்ல ஏறியது.

மேலே போனதும் ஹெட்போனில் மூச்சுச் சத்தம். என் மூச்சைப் பிடித்துப் பார்த்தேன்.

அது நிற்கவில்லை...

தரையிறங்கத் திரும்பியபோது ஹெட்போன் வயர் கழுத்தை இறுக்கியது. சரிசெய்யக் கையை எடுத்தேன். பழக்க தோஷம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"உங்ககிட்ட."

ஸ்டிக் தானாக நகர்ந்தது.

"என்கிட்ட," என்றேன். இழுத்தேன். வரவில்லை.

விமானத்தின் மூக்கு கீழே. தரை மேலே வந்துகொண்டிருந்தது.

"என்கிட்ட..."

பிடி இன்னும் இறுகியது.

அப்போதுதான் புரிந்தது. பயந்துபோனவளின் பிடி அது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"விடுடி, நெட்டச்சி. நான் இறக்கிடறேன். ரூமுக்குப் போலாம்."

மூச்சுச் சத்தம் நின்றது.

ஸ்டிக் லேசானது.

டொம்... ஒருமுறை குதித்து, விமானம் ஓடி நின்றது. மணி மாலை 5.12.

உட்கார்ந்த இடத்திலேயே மனசைத் தேற்றிக்கொண்டேன். பேயாவது பிசாசாவது, பின் இருக்கை பெல்ட் கழன்று ஸ்டிக்கில் மாட்டியிருக்கும். ஓடி வந்த மெக்கானிக் அண்ணனிடமும் அதையே சொன்னேன்.

"அண்ணா, பின்னாடி ஸ்டிக்ல பெல்ட் மாட்டிக்கிச்சு போல. பாருங்க."

அவர் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார்.

"பின்னாடி ஏதும்மா ஸ்டிக்? தனியா பறக்கிறவங்களுக்கு அதை எடுத்துடுவோம். காலைலயே கழட்டி ஷெட்ல வச்சுட்டேனே."