பின்னோக்கி அறிந்த பாதை

கோயம்புத்தூரில் இருக்கும் என் கல்லூரித் தோழி கார் ஓட்டக் கற்று ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. போன ஐப்பசியில் ஒன்பது வயது மகளோடு போடிக்கு வந்தவள், "மேல போய் ஏரியெல்லாம் பாத்துட்டு வரலாம்டி. ஆனா மலை ரோடு எனக்குப் புதுசு. நீ வழி சொன்னாத்தான் வண்டிய எடுப்பேன்" என்றாள்.

போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சர் நான். பதினேழு வருடமாகத் தினமும் தொழிலாளர் ஜீப்பில்தான் போய்வருகிறேன். "தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் எந்த வளைவு எங்கன்னு சொல்லுவேன், பயப்படாம வா" என்று அளந்துவிட்டேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன?

குழந்தைக்கு வளைவுகளில் குமட்டும் என்பதால் அவளை என் கணவரிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம். ஏறும்போது நல்ல வெயில். ஒவ்வொரு வளைவுக்கும் பலகை தெரிந்ததால் நான் வழி சொல்லவேண்டிய தேவையே வரவில்லை. ஆனையிறங்கல் ஏரிக்கரையில் நின்றபோதுதான் எதிர்க்கரைத் தேயிலை மூடுபனியில் மெல்ல மறையத் தொடங்கியது. தோழி அதையும் அழகு என்று படம் எடுத்தாள்.

திரும்பும் வழியில் மெட்டில் டீ குடித்தோம். பனியை அங்கே கோட என்பார்கள். "கோட எறங்குது டீச்சர். ஒரு மணி நேரம் இருந்து போங்க" என்றார் கடைக்காரர்.

தோழி என் முகத்தைப் பார்த்தாள். "சாயங்காலத்துக்குள்ள வந்துருவேன்னு பாப்பாட்ட சொல்லிருக்கேன். நீ என்ன சொல்ற?"

"நம்ம ரோடுதான, போலாம்" என்றேன்.

முதல் இரண்டு வளைவுகளைத் தட்டுத்தடுமாறிக் கடந்தோம். அதன்பிறகு பலகையும் இல்லை, சுவரும் இல்லை. காரின் முன்பக்கமே தெரியவில்லை. ஹாரன் அடித்தால் எந்தப் பக்கமிருந்தும் பதில் வரவில்லை.

"அடுத்தது எந்தப் பக்கம்? வெரசாச் சொல்லுடி!"

கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். சாயங்கால ஜீப் இந்த இடத்தில் திரும்பும்போது என் இடது கைப்பக்கம்தான் வளையும். நன்றாக நினைவிருந்தது. "எடது" என்றேன்.

அவள் ஒடித்தாள். சக்கரத்தின் கீழ் சரளை நொறுங்கியது. கார் என் பக்கமாகச் சாய்ந்தது. அவள் பிரேக்கை மிதித்து அலறிய அலறல் இன்னும் காதில் இருக்கிறது. கண்ணாடியை இறக்கிப் பார்த்தேன். கதவுக்குக் கீழே தரை இல்லை, வெள்ளையாகப் புகைதான் இருந்தது. இடிந்த தடுப்புச் சுவரின் மிச்சத்தில் கார் முட்டி நின்றிருந்தது. அவள் பக்கக் கதவு வழியாக முதலில் அவளும், பின்னால் தவழ்ந்து நானும் இறங்கினோம்.

தொழிலாளரை ஏற்றிவர மேலே போன ஜீப் ஒன்று எங்கள் கூச்சலைக் கேட்டு நின்றது. ஓட்டுநரும் இன்னும் இருவரும் கயிறு கட்டிக் காரை இழுத்துப் போட்டார்கள்.

நான் இடது என்று சொன்னதைத் தோழி சொன்னதும், "ஏன் டீச்சர், எறங்கும்போது இது வலது வளைவுல்ல? தெனமும் வர்ற ரோடுதான?" என்றார் ஓட்டுநர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பள்ளிக்கூடம் விட்டுக் கடைசியில் ஏறுகிறவள் நான். பின்கதவு ஓரத்தில், வந்த வழியைப் பார்த்தபடிதான் எப்போதும் உட்கார்வேன். எனக்கு இடது என்றால் ஓட்டுகிறவருக்கு வலது. அந்த ஜீப்பில் முன்னால் வருகிற பாதையை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

பனி விலகும்வரை அங்கேயே இருந்து, விளக்கு வைக்கும் நேரத்தில் வீடு சேர்ந்தோம். மகள் ஓடிவந்து, "ஏரி எப்படிம்மா இருந்துச்சு?" என்று அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். தோழி குழந்தையின் தலையைத் தன்மேல் அழுத்திப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா அந்தக் கடையிலயே இருந்திருப்பேன்டி" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.