என் குரலில் நான் பேசாதது

பாபநாசத்தில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்துகொண்டே இன்னொரு வேலையும் பார்த்தேன். விவசாயிகளின் போனுக்கு வாராவாரம் குரல் செய்தி அனுப்பும் ஒரு கம்பெனிக்குப் பேசிக் கொடுப்பது. மழை வருமா, உரம் எப்போது இடுவது, நெல்லில் என்ன பூச்சி வந்திருக்கிறது என்று வேளாண்மை படித்தவர்கள் எழுதி அனுப்புவார்கள். நான் படித்துப் பதிவுசெய்து அனுப்ப வேண்டும். பள்ளி ஆண்டுவிழாவில் நான் மைக் பிடித்ததைக் கேட்டுவிட்டுத்தான் கம்பெனி மேனேஜர் என்னைத் தேடி வந்திருந்தார்.

அவர்கள் அனுப்பும் தமிழை அப்படியே படிக்க எனக்கு வாய் வராது. "ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை உத்திகளைக் கையாளவும்" என்று எழுதியிருக்கும். "மருந்தைத் தூக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை வயல்ல எறங்கிப் பாருங்க" என்று மாற்றி, அவர்களிடம் சரியா என்று கேட்டுக்கொண்டு பேசுவேன். படுக்கையறை ஜன்னலில் ஜமக்காளத்தைத் தொங்கவிட்டு, சத்தம் வருகிறதென்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, வேர்வை வழிய வழியப் பேசுவேன். எனக்கு அது பிடித்திருந்தது.

கொஞ்ச காலத்திலேயே முகம் தெரியாத எத்தனையோ பேருக்கு என் குரல் பழகிவிட்டது. கும்பகோணம் பஸ்ஸில் டிக்கெட் கேட்டால் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். "போன்ல பேசுற அம்மாதானே நீங்க? நீங்க சொன்ன மாதிரி தண்ணிய வடிச்சேன், பயிர் நிமிந்துடுச்சு." எழுதிக் கொடுப்பவர்கள் வேறு ஆட்கள் என்று சொன்னாலும் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

போன வருஷம் குறுவை நடவு முடிந்த சமயத்தில் வந்த செய்தியில் ஒரு மருந்தின் பெயர் இருந்தது. புகையான் பூச்சி வருகிறதோ இல்லையோ, முன்கூட்டியே அந்த மருந்தைத் தெளித்துவிடச் சொல்லியிருந்தது. நான் மேனேஜரைக் கூப்பிட்டேன்.

"சார், இது விளம்பரமா, ஆலோசனையா?"

"ரெண்டும்தான் மேடம். அந்த மருந்துக் கம்பெனி நமக்கு ஸ்பான்சர். விவசாயிக்கு இலவசமா குடுக்கணும்னா பணம் எங்கேருந்தாவது வரணும்ல?"

"விளம்பரம்னு சொல்லிட்டு வேற யாரையாவது பேச வைங்க, நான் ஒண்ணும் சொல்லலை. ஆலோசனை மாதிரி நான் பேச மாட்டேன்."

"சரி மேடம், விட்டுடுங்க" என்றார். இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்று எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

சில நாள் கழித்து, எங்கள் தெருக்கோடியில் இருக்கும் அக்கா ஒரு மருந்து கேனோடு வாசலில் வந்து நின்றார். குத்தகைக்கு நிலம் பிடித்து ஒற்றை ஆளாகச் சாகுபடி செய்பவர்.

"டீச்சர், நீங்க சொன்னீங்கன்னு ரெண்டு கேன் வாங்கி ஒண்ணை அடிச்சுட்டேன். வயல்ல பூச்சியே இல்ல. இப்ப சிலந்தியெல்லாம் செத்து மெதக்குது. பூச்சியப் புடிச்சுத் திங்கிறதே சிலந்திதான்னு முன்ன நீங்கதானே சொன்னீங்க?"

"நான் அந்த மருந்தை அடிக்கச் சொல்லவே இல்லையேக்கா."

அக்கா போனை எடுத்து அந்தச் செய்தியைப் போட்டுக் காட்டினார். என் குரல்! நான் மூச்சு வாங்கும் இடம், நான் இழுக்கும் 'ங்க', எல்லாம் அச்சு அசலாக இருந்தது. நான் சொல்ல மாட்டேன் என்று மறுத்ததை நானே கனிவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து என் வீட்டுக்காரர், "இதை எப்பப் பேசுன? நல்லா வந்திருக்கே" என்று குரல் கொடுத்தார். எனக்கு உடம்பு கூசிவிட்டது. நான் குளிப்பதை யாரோ எட்டிப் பார்த்தது போல இருந்தது.

அக்காவை உட்கார வைத்துக்கொண்டே, அவருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் மேனேஜருக்குப் போன் போட்டேன்.

"பழைய பதிவையெல்லாம் வச்சு கம்ப்யூட்டரே பேசுது மேடம். பதிவு எங்களுக்குச் சொந்தம்னு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

"நான் பேசுனதுக்குத்தான் சார் கையெழுத்துப் போட்டேன். பேசாததுக்கு இல்ல."

அவர் வைத்துவிட்டார். அக்காவின் முகத்தில் இருந்த சந்தேகம் அப்போதுதான் தெளிந்தது.

உடனே என் போனிலேயே பேசிப் பதிவுசெய்து, "அந்த மருந்துச் செய்தி நான் பேசியதில்லை, நம்பாதீர்கள்" என்று தெரிந்த குழுக்களுக்கெல்லாம் அனுப்பினேன். மறுநாள் அதே பதிவு சுற்றிச் சுற்றி எனக்கே வந்து சேர்ந்தது. கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: "இதுதான் போலிக் குரல், ஏமாற வேண்டாம்." சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. குரலை வைத்துக் குரலை மறுக்க முடியாது, ஆளாகப் போய் நின்றால்தான் உண்டு என்று புரிந்தது.

அதற்கு வாய்ப்பும் வந்தது. சம்பா தொடங்குமுன் கம்பெனி பாபநாசத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் விவசாயிகள் கூட்டம் போட்டது. சென்னையிலிருந்து கம்பெனித் தலைவரே வந்திருந்தார். அக்காவின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போனேன். மண்டபம் நிறைந்திருந்தது. தலைவர் நன்றாகத்தான் பேசினார். "விவசாயிதான் எங்க முதலாளி" என்றபோது கைதட்டல்கூடக் கிடைத்தது.

கேள்வி நேரத்தில் அக்கா மைக்கை வாங்கி, "என் கேள்விய இவங்க கேப்பாங்க" என்று என்னிடம் நீட்டினார். வாரம் தவறாமல் செய்தியை எந்த வரியோடு தொடங்குவேனோ அதே வரியோடு தொடங்கினேன்.

"வணக்கங்க. வயல் வேலையெல்லாம் எப்படிப் போவுது?"

மண்டபம் முழுக்கத் தலைகள் திரும்பின. "ஏய், போன் அம்மாடா!" என்று பின்வரிசையில் ஒருவர் எழுந்தே விட்டார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பேச மறுத்தது, கம்ப்யூட்டர் என்னைப் போலப் பேசியது, அக்கா வயலில் சிலந்தி செத்தது.

மேனேஜர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். "இது டெக்னிக்கல் விஷயம், அப்புறம் பேசிக்கலாம்."

"அப்புறம் எதுக்கு?" திருப்பனந்தாள் பக்கத்துக்காரர் ஒருவர் எழுந்தார். "நாங்கதான் முதலாளின்னு இப்பதானே சொன்னீங்க? முதலாளி கேக்குறோம், பதில் சொல்லுங்க."

மண்டபம் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. இலவசச் சேவைக்குப் பணம் வேண்டும், எல்லாக் கம்பெனிகளும் இப்படித்தான் செய்கின்றன என்றார். "விளம்பரம் போடுங்க, யாரு வேணாங்கிறா? விளம்பரம்னு சொல்லிட்டுப் போடுங்க" என்றார் அக்கா. அதற்குள் யாரோ, "இந்தச் செய்தியே நம்ம போனுக்கு வராம நிறுத்த, அவங்க நம்பரைப் போட்டு ஒன்பதை அமுக்கணும்ல?" என்று கேட்டார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போன்கள் 'பீப்' என்றன. பிறகு வரிசை வரிசையாக.

"கொஞ்சம் பொறுங்க" என்று தலைவர் மைக்கைப் பிடித்தார். "அந்தக் குரலை இன்னைக்கே எடுத்துடுறோம். இனிமே விளம்பரம் தனிக் குரல்ல, விளம்பரம்னு சொல்லிட்டுத்தான் வரும்."

"அந்த மருந்துச் செய்தி தப்புன்னு எல்லார் போனுக்கும் சொல்லணும்" என்றேன்.

"சொல்லிடலாம் மேடம். நீங்களே பேசிக் குடுத்துடுங்க."

"நான் எதுக்குங்க? தப்பு என்னோடது இல்லையே. நீங்க பேசுங்க. உங்க சொந்தக் குரல்ல."

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கைதட்டினார்கள். கைதட்டல் அடங்கியதும் தலைவர் மைக்கைக் கிட்டத்தில் இழுத்து, "சரிங்க" என்றார்.

மறுநாள் காலை பால் வாங்கி வரும்போது கடைத்தெருவில் போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடித்தன. தடுமாறுகிற குரலில் கம்பெனித் தலைவர், அது விளம்பரம் என்றும், டீச்சர் பேசாததைப் பேசியதாக அனுப்பியது தங்கள் தவறு என்றும், வயலைப் பார்க்காமல் அந்த மருந்தைத் தெளிக்க வேண்டாம் என்றும் சொன்னார். மன்னிப்பும் கேட்டார். உடைக்காத கேனைக் கம்பெனி ஆட்கள் அக்கா வீட்டுக்கே வந்து எடுத்துப் போனார்கள். என் குரலைப் படியெடுக்கக் கூடாது என்று எழுதிய புது ஒப்பந்தத்தைக் கும்பகோணம் வக்கீல் ஒருவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

மன்னிப்புச் செய்தி வந்த அன்று அக்கா வயலில்தான் இருந்தார். பார்க்கப் போனேன். வரப்பில் போனை வைத்து, சத்தத்தை முழுசாகக் கூட்டி, தலைவரின் மன்னிப்பைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வயலில் களையெடுத்த பெண்கள் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து சிரித்தார்கள்.

"போதும்க்கா, பாவம்" என்றேன்.

"என்ன டீச்சர் பாவம்? இன்னும் ஒரு தடவை கேப்போம்" என்றார். நானும் வரப்பில் உட்கார்ந்து கேட்டேன்.