மில்லிமீட்டரின் ஆகாயக் கப்பல்

லிஃப்ட் கம்பெனியில் அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. இருபத்தாறு வருட மெக்கானிக். கதவு இடுக்கு நாலு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து இருந்துவிட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்ட ஆள் லீவு நாளில் சும்மா இருப்பாரா? ஏழு வருடமாக வீட்டுக்குள் ஓர் ஆகாயக் கப்பல் கட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்தில் வாயுவால் மிதந்து பறந்த ஒரு நிஜக் கப்பலில் நூறில் ஒரு பங்கு. அதுவே இரண்டு மீட்டரைத் தாண்டியது. கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டு, கூரையில் மூன்று கொக்கி அடித்து அதைத் தொங்கவிட்டிருந்தார். மெல்லிய மரச் சீவலைக் கெட்டில் ஆவியில் காட்டி வளைத்து, வளையம் வளையமாக எலும்புக்கூடு. அதற்குள் வாயு நிரப்பும் பைகள். பட்டுத் துணியில் அந்தப் பைகளைத் தைத்துக் கொடுத்தது தையல்காரியான அவர் மனைவி. பயணிகளின் சாப்பாட்டு மேசைகூட உள்ளே இருந்தது, நகத்தளவில்.

தைத்துக் கொடுத்தாளே தவிர, அவளுக்கு அதைக் கண்டாலே ஆகாது. "ஏங்க, மழையில குன்றுல மோதி எரிஞ்சுபோனதுதானே இது? ஒழுங்கா போய்ச் சேந்த கப்பல் ஒண்ணுகூடவா கிடைக்கல உங்களுக்கு?"

"விழுந்த கப்பலுக்குத்தான்டி வரைபடம் முழுசா கிடைக்குது. விசாரணை நடத்தியிருக்காங்கல்ல!"

இது ஒரு பதிலா, சொல்லுங்கள். அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள். அதன் அடியில் படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். என்னைக் கேட்டால் நியாயம் அவள் பக்கம்தான்.

வெளித்துணி போர்த்துவதற்கு முன்னால், மூட்டுகள் தாங்குமா என்று பார்க்க மூன்று நாள் மின்விசிறியை ஓடவிட்டார். கப்பல் லேசாக ஆடிக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தாள்.

"நான் தைச்சது நைஞ்சுபோச்சு பாருங்க. சட்டத்துல உரசி உரசி ஓட்டை விழப்போகுது."

அவருக்கு ஒரே குஷி. "நிஜக் கப்பல்லயும் இதேதான்! பாத்துட்டு, உரசுற இடத்துல எல்லாம் திண்டு வச்சுக் கட்டினாங்க."

"கட்டி?"

"சரியாயிடுச்சுன்னு கையெழுத்து போட்டு அனுப்..."

ஆடிக்கொண்டிருந்த கப்பலைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

ஐந்து வாரத்துக்கு முன்னால், ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில், உச்சியில் இருக்கும் மெஷின் அறையில் அவர் ஒரு காரியம் செய்திருந்தார். லிஃப்டைத் தூக்கும் நாலு இரும்புக் கயிற்றில் இரண்டு, அறைத் தரையில் அவை இறங்கும் ஓட்டையின் விளிம்பில் உரசின. மெஷினையே எட்டு மில்லிமீட்டர் நகர்த்த வேண்டிய வேலை. சூப்பர்வைசர் போனில் சிரித்தார். "எட்டு மில்லிமீட்டருக்காக நாலு நாள் லிஃப்டை நிறுத்துவாங்களாய்யா? ரப்பர் துண்டு ஒண்ணு வச்சுக் கட்டிட்டு வா."

வேறு கட்டடமாக இருந்தால் அவர் ஒப்புக்கொண்டிருக்கவே மாட்டார், சண்டை போட்டிருப்பார். ஆனால் அங்கே எட்டாம் மாடியில் இருப்பது அவருடைய மகள். ஆறு மாத வயிறு அப்போது. நாலு நாள் அவள் எட்டு மாடி ஏறி இறங்குவதை நினைத்துப் பார்த்தார். ரப்பரை வைத்துக் கட்டினார். லிஃப்டுக்குள் ஒட்டியிருந்த தாளில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பெற்ற பாசம்தான், வேறென்ன.

மகளுக்குப் போன் அடித்தார், எடுக்கவில்லை. சட்டைப் பட்டனைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார்.

அந்தக் கட்டடத்தின் ஒன்பது மாடியையும் படியிலேயே ஏறினார். மெஷின் அறைக் கதவைத் திறந்ததும் ரப்பர் கண்ணில் பட்டது. கட்டு அவிழ்ந்து ஒரு மூலையில் கிடந்தது. இரண்டு கயிறும் விளிம்பில் சிலிர்த்துக்கொண்டு, அறுந்த கம்பிகள் ஊசி ஊசியாக நின்றன. கையை மெயின் ஸ்விட்சுக்குக் கொண்டு போவதற்குள் மெஷின் உறுமியது. யாரோ ஏறிவிட்டார்கள்.

கயிற்றில் மாடிக்கு ஒரு வெள்ளைக் கோடு அடித்து வைப்பது மெக்கானிக்குகளின் வழக்கம். நகர ஆரம்பித்தது எட்டாம் மாடிக் கோடு.

ஸ்விட்சை இப்போது இழுத்தால் பிரேக் கவ்வும். கவ்வினால் குலுக்கல். அந்தக் குலுக்கலை இந்தக் கயிறு தாங்குமா? அது அவருக்குத் தெரியவில்லை. இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக அவருக்கு ஒரு அளவு தெரியவில்லை. ஸ்விட்சில் கை வைத்தபடி கோடுகளை எண்ணினார். ஏழு. ஆறு. ஐந்தில் ஒரு கம்பி 'டிக்' என்று தெறித்துக் கன்னத்தைக் கீறியது. கடவுளே கடவுளே என்று வாய்விட்டுச் சொன்னார். மூன்று. இரண்டு. தரைத்தளத்துக் கோடு வந்து மெஷின் நின்றது. கதவு திறக்க நேரம் விட்டு, பத்து எண்ணி, ஸ்விட்சை இழுத்தார்.

கீழே ஓடி வந்து சேர்ந்தபோது அவருக்கு மூச்சு இல்லை. லிஃப்ட் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே விளக்கு அணைந்திருந்தது. வீட்டில் மறந்த பர்ஸை எடுக்கத் திரும்ப மேலே போக, மகள் ஒரு காலை உள்ளே வைத்துக்கொண்டு பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே பையோடு நின்றவர் அவள் எதிர்வீட்டு அம்மாள்.

"ஐயோ அப்பா, கன்னத்துல ரத்தம்!" என்றாள் மகள்.

அம்மாளுக்கு ஆள் கிடைத்துவிட்டது. "நல்ல வேளை வந்தீங்க. கரகரன்னு சத்தம் வருதேன்னு ஒரு வாரமா நான் இதுல ஏறவே இல்லைங்க. உங்க பொண்ணுதான் இன்னைக்கு கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தா. எங்கப்பா கையெழுத்து போட்டிருக்கார், கண்ண மூடிக்கிட்டு ஏறலாம்னு ஒரே பெருமை."

"சரிதானேப்பா?" என்று மகள் அந்தத் தாளைத் தட்டிக் காட்டிச் சிரித்தாள். "தினமும் நாலு தடவை போறேன் வரேன். எனக்கு என்ன ஆச்சு?"

அவர் கையை நீட்டினார்.

"காலை வெளிய வை" என்றார். "மொதல்ல காலை வெளிய வைம்மா."